பன்னிரண்டு நாற்காலிக்கு வெளியே

செவ்வாய், வெள்ளி காலை ஒன்பது மணிக்குள் அந்த அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாக நின்றாக வேண்டும். வட்டம் என்றால் முழு வட்டம் இல்லை. கதவுப் பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும். வாசலில் நிற்கும் வார்டர் பன்னிரண்டு தலைகளையும் ஒரே பார்வையில் எண்ணிவிட வேண்டும். ஜன்னலோரத்து நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்குச் சோப்பு அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். பதின்மூன்றாவது நாற்காலி போடவும் அந்த அறையில் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த தாளில் பன்னிரண்டு என்று இருந்தது. ஆகவே பன்னிரண்டுதான்.

ஒன்பது வருடமாக அந்த நாற்காலிகளைப் போட்டவருக்குச் சிறைக்குள் நாற்காலியார் என்று பெயர். ஐம்பத்தொரு வயது. டயர் பட்டறையில் வேலை பார்த்த மணிக்கட்டுகள், இன்னும் தடிமனாகத்தான் இருந்தன. நாட்டில் அவனவன் ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொண்டு சாகிறான், இந்த மனுஷன் பன்னிரண்டு வைத்திருக்கிறார், ஒன்றிலும் உட்கார விடமாட்டேன் என்கிறார்களே என்று சமையல் கட்டில் ஒருவன் சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டார். விட்டுவிட்டதை நிரூபிக்க ஒரு காகிதம் இல்லை என்பதுதான் அவருடைய பிரச்சினையே.

அந்த அறையில் நடந்தது கோபத்தை அடக்கும் பயிற்சி. உள்ளே எல்லோரும் அதைக் கோப வகுப்பு என்றார்கள். பத்து வாரம், இருபது வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். ஆயுள் கைதி ஒருவர் இந்தப் பெரிய மதிலை விட்டுத் திறந்தவெளிச் சிறைக்குப் போக வேண்டுமானால் பரிசீலனைக் குழு பார்க்க வேண்டும். குழு பார்க்க வேண்டுமானால் கோப்பில் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். குழு கூடுவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. இரண்டு முறை கூடியது. இரண்டு முறையும் நாற்காலியாருக்கு ஒரே கடிதம் வந்தது: உரிய பயிற்சியை முடித்த சான்று இணைக்கப்படாததால் தங்கள் பெயர் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. இரண்டாவது கடிதத்தில் தேதியை மட்டும் பேனாவால் திருத்தியிருந்தார்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பட்டறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்த்தவன் செத்துப்போன அவருடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். கையில் டயர் கழற்றும் கம்பி இருந்தது. அதைத் தூக்கியது அவருக்கு நினைவிருக்கிறது. இறக்கியது நினைவில்லை. விசாரணையின்போதும் அதைத்தான் சொன்னார். யாரும் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது.

வகுப்பில் சேர வரிசை இருந்தது. வரிசை விடுதலைத் தேதிப்படி. முதலில் போகிறவனுக்கு முதலில் வகுப்பு. வெளியே போய் யாரையும் அடிக்கக் கூடாதல்லவா. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆயுள் கைதிக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று கிடையாது. பட்டியலில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. கோடு போட்ட பெயர்கள் எல்லாம் கடைசியில் நிற்கும். புதிதாக எவன் வந்தாலும், இரண்டு வருடமோ மூன்று வருடமோ தண்டனை வாங்கிக்கொண்டு வந்து, கோட்டுக்கு மேலே ஏறி நின்றுகொள்வான். நாற்காலியார் முதலில் பெயர் கொடுத்தபோது அவருடைய எண் நாற்பத்தொன்று.

அலுவலகத்து ரைட்டரின் ஜன்னலில் மாதம் ஒருமுறை எண்ணைக் கேட்கலாம். ரைட்டர் கெட்டவர் இல்லை. கைதிகளை 'வாங்க, போங்க' என்று பேசும் ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவர்தான்.

"ஐம்பத்தெட்டுங்க" என்றார் இந்த முறை.

"போன மாசம் ஐம்பத்தஞ்சு சொன்னீங்களே ஐயா."

"மூணு பேர் புதுசா வந்திருக்காங்க. எல்லாருக்கும் தேதி இருக்கு. உங்களுக்குத் தேதி இல்ல, நான் என்ன பண்றது? குழு உங்கள விடட்டும், தேதி வரும், தேதி வந்தா நீங்க மேல வந்துருவீங்க."

"குழு விடணும்னா வகுப்பு முடிச்சிருக்கணுமே ஐயா."

ரைட்டர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "நானும் இத ஒரு தடவ யோசிச்சுப் பாத்தேன். தலை வலிச்சுது. விட்டுட்டேன்" என்றார்.

இத்தனைக்கும் நாற்காலியாருக்கு அந்த வகுப்பு முழுக்க மனப்பாடம். தரை துடைக்கும் கம்பு எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கவேண்டிய பொருள். அதை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. கம்போடு தனியாக நடக்கவும் முடியாது. வார்டர்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வார்டரோ வகுப்பு முடியும் வரை வாசலை விட்டு நகர மாட்டார். ஆகவே நாற்காலி போட்டுத் தரை துடைத்த பிறகு, வாளியையும் கம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடைவழியில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். கதவு ஒரு சாண் திறந்திருக்கும். அந்த ஒரு சாண் வழியாக முப்பதுக்கு மேற்பட்ட சுற்று வகுப்பு அவர் காதில் விழுந்திருக்கிறது. கோபம் முதலில் உடம்பில்தான் தெரியும். தாடை இறுகும். அடுத்து விரல்கள் மடங்கும். அந்த நொடியில் நமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. டீச்சர்கள் மாறினார்கள், குரல்கள் மாறின, அந்த நாலு வரி மட்டும் மாறவில்லை. புத்தகத்தில் நாலாம் பக்கம்.

நடுவில் ஒரு வருடமும் நாலு மாதமும் டீச்சரே இல்லை. பழையவர் வேலையை விட்டுவிட்டார், புதியவரைப் போடவில்லை. ஆனால் நாற்காலி போடச் சொன்ன உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி காலை ஒன்பதுக்குப் பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். குட்டைக் காலுக்கு அட்டை வைத்தார். வார்டர் வாசலில் நின்றார். பத்தரைக்கு எடுத்து அடுக்கினார். அந்த நாட்களில் சில சமயம் அவரே மனதுக்குள் வகுப்பை ஓட்டிப் பார்ப்பார். ஆளில்லாத நாற்காலிகள் ரொம்ப ஒழுக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அக்கா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். அவரைவிடப் பதினோரு வயது பெரியவள். கட்டிய புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். துணிக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருபது வருடம். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. போன வருடம் அவளை அங்கிருந்து எடுத்து அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டுவிட்டார்கள். கண்ணில் அழுத்தமாம். ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டே வருமாம். போனது திரும்பாதாம். சொட்டு மருந்து ஊற்றினால் போகிற வேகம் குறையும், அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த விஷயத்தை அக்கா ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னாள். இரண்டு அடுக்குக் கம்பி வலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி, இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடம் அது.

"ஜன்னல் கதவ ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா யாரோ சாத்துற மாதிரி இருக்குடா. முழுசா சாத்துறதுக்குள்ள உன்னப் பக்கத்துல வெச்சுப் பாத்துரணும். இல்லேன்னா வெச்சுக்கோ, வேற எவனையாவது தம்பின்னு நெனச்சுப் பழத்தக் குடுத்துட்டுப் போயிருவேன்."

திறந்தவெளிச் சிறை அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே வலை கிடையாது. மேஜைக்கு எதிரெதிரே உட்காரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் வீட்டில் இரண்டாவது அறையில் ஒரு கட்டில் ஆறு வருடமாகப் போட்டபடி இருக்கிறது. மேலே அவள் எதையும் வைப்பதில்லை.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள் அன்றைக்குக் கேட்டாள். தாடை இறுகும், விரல் மடங்கும் என்று அவர் கத்திச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள்.

"உனக்கு ஏதுடா தாடை? உனக்குக் காதுதான். சின்னப் பிள்ளையிலேயே கோவம் வந்தா ரெண்டு காதும் பழுத்துப்போகும். தெருமுனையிலயே பாத்துட்டு நான் உள்ள ஓடிருவேன்."

உண்மைதான். பட்டறையில் அந்த மத்தியானம் அவருக்கு நினைவிருந்த கடைசி விஷயமும் அதுதான். காதுகள் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோலக் கொதித்தன. அதற்கப்புறம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

குழு மூன்றாவது முறை கூட ஆறு மாதம் இருந்தபோது புது டீச்சர் வந்தார். சின்ன வயதுப் பெண்; முதல் நாளே வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். முதல் வாரம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரில் ஒருவனை வேறு ஒரு வழக்குக்காக வெளியூர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாற்காலி காலி. ஜன்னலோரத்து, குட்டைக் கால் நாற்காலி. கதவு இடுக்கு வழியாக டீச்சர் அவரைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க வெளியிலதான உக்காந்திருக்கீங்க. உள்ள வந்து உக்காருங்களேன்."

அவர் வார்டரைப் பார்த்தார். வார்டர் கூரையைப் பார்த்தார். லிஸ்டில் நான் இல்லையே என்றார் அவர். பெயர் சேர்க்கச் சொல்லி நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றார் டீச்சர். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியார் உள்ளே போனார். ஒன்பது வருடம் தூக்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபோது, அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மீதமிருந்த பத்தொன்பது வகுப்பில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. காய்ச்சலோடு ஒரு நாள் போனார். வார்டர்கள் பற்றாக்குறை என்று வகுப்பை நிறுத்தப் பார்த்த ஒரு நாள், நாற்காலி போட்டாகிவிட்டது ஐயா என்று போய் நின்று நடத்த வைத்தார். டீச்சர் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் அவர் உதடும் கூடவே அசையும். மற்றவர்கள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்கள். அவருக்குப் புத்தகம் கொடுக்கப்படவில்லை, லிஸ்டில் இல்லாதவருக்குப் புத்தகம் கிடையாது. அவருக்கு வேண்டியும் இருக்கவில்லை.

முடிந்ததும் டீச்சரின் கடிதத்துக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. லிஸ்டில் இல்லாதவரின் வருகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதியில் இடம் இல்லை. டீச்சர் மறுபடி எழுதினார். மேலே போய் நேரில் பேசினார். கடைசியில் ஒரு வழி கிடைத்தது: வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டு அதிகாரி வருவார், ஒரு மணி நேரம் பேசிப் பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் நேரடியாகச் சான்றிதழ். அவர் வர இருபது நாள் இருந்தது.

அந்த இருபது நாளும் அவரோடு ஒரே அறையில் இருந்த குமாஸ்தாதான் அவருக்கு வாத்தியார். பத்திர ஆபீஸில் கையெழுத்து மாற்றிப்போட்டு உள்ளே வந்த மனிதர். பாதி சிறைக்கு மனு எழுதிக் கொடுப்பவர். காற்புள்ளி எங்கே வைத்தால் அதிகாரி இரங்குவான் என்று தெரிந்தவர் என்று பெயர். அவர் ஒரு மாணவனிடம் புத்தகம் இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டார். நாற்காலியார் ஒன்றுகூட விடவில்லை.

ஒரே ஒரு இடத்தில் நின்றார். "இந்தத் தாடை, விரல்னு வருதே. எனக்கு அப்படி இல்லங்க. எனக்குக் காது. அதச் சொல்லலாமா?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகத்துல காது இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வம்பு? முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். அதிகாரி முன்னால சொந்தமாப் பேசுனவன் எவனும் கரையேறுனது கிடையாது. ஃபாரத்துல என்ன கட்டம் இருக்கோ, அதுக்குள்ள எழுதணும். கோட்டத் தாண்டுனா மொத்தமும் செல்லாது."

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருடத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன எதையும் யாரும் நம்பியதாக நினைவில்லை.

மதிப்பீட்டு அதிகாரி வயதான பெண்மணி. அன்றைக்கு அறையில் இரண்டே நாற்காலிகள். அவற்றையும் நாற்காலியார்தான் போட்டார். அவசரமில்லாமல் பேசினார் அந்த அம்மா; தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். கோபத்துக்கும் ஆத்திரத்துக்கும் என்ன வேறுபாடு? சொன்னார். ஒருவர் நம்மை அவமானப்படுத்தும்போது நமக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன? ஐந்து, ஐந்தையும் வரிசையாகச் சொன்னார். அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தவர், மெதுவாக எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"உங்களுக்குக் கோபம் வருதுன்னு முதல்ல எப்படித் தெரியும்?"

"கோபம் முதலில் உடம்பில்தான் தெரியும். தாடை இறுகும். அடுத்து விரல்கள் மடங்கும். அந்த நொடியில் நமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது."

"அது புத்தகத்துல இருக்கு. நான் உங்களக் கேக்குறேன். அன்னைக்கு, அந்தப் பட்டறையில, உங்களுக்கு எப்படி இருந்தது?"

காது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதன் பின்னாலேயே குமாஸ்தாவின் கட்டமும் கோடும் வந்தன. இது ஒரு சோதனையாக இருக்கும், வழி மாறிப் போகிறானா என்று பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"தாடை இறுகுச்சு அம்மா. அப்புறம் விரல் மடங்குச்சு" என்றார்.

அந்த அம்மா இன்னும் இரண்டு முறை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நாற்காலியார் இரண்டு முறையும் நாலாம் பக்கத்தையே சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மா நாற்காலியைத் தானே எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் போயிற்று என்று அவர் குமாஸ்தாவிடம் சொன்னார். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

அறிக்கை அதற்குப் பதினோராம் நாள் வந்தது. ரைட்டர் ஜன்னல் வழியாகக் கொடுக்காமல் கதவைத் திறந்து வெளியே வந்து கொடுத்தார். அப்போதே நாற்காலியாருக்குத் தெரிந்துபோயிற்று. பாடப்பகுதிகளை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார். சொந்த அனுபவத்தோடு பொருத்திப் பேச இயலவில்லை. உண்மையான மாற்றம் ஏற்பட்டுள்ளதா என மதிப்பிட முடியவில்லை. வகுப்பறைப் பணியில் நெடுங்காலம் இருந்ததே இதற்குக் காரணமாகலாம்; ஆகவே அப்பணியிலிருந்து அவரை விடுவித்து, ஓராண்டு இடைவெளிக்குப் பின் முறையான வரிசைப்படி முழுப் பயிற்சியில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

"வரிசையில இப்ப எத்தனைங்க ஐயா?"

"அறுபத்தொண்ணு" என்றார் ரைட்டர், தாளைப் பார்க்காமலே.

குமாஸ்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மேல்முறையீட்டு மனு என்று ஒன்றை எழுதத் தொடங்கி, மூன்று முறை கிழித்துப்போட்டு, நாலாவது முறை ஒரு நல்ல மனு எழுதினார். அது போன இடத்திலிருந்து பெறப்பட்டது என்று ஒரு முத்திரை வந்தது. டீச்சர் நாற்காலியாரைப் பார்க்க அனுமதி கேட்டார். கிடைப்பதற்குள் டீச்சரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. குழு கூடியது, கலைந்தது. மூன்றாவது கடிதம் வந்தது. இந்த முறை தேதியை அச்சிலேயே போட்டிருந்தார்கள்.

நாற்காலியாரைத் துணி துவைக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஈரப் போர்வை மூட்டையோடு அந்த நடைவழியாகப் போனபோது எட்டிப் பார்த்தார். புது ஆள் நாற்காலிகளைப் பள்ளிக்கூடம்போல வரிசையாகப் போட்டிருந்தான். ஜன்னலோரத்து நாற்காலிக்கு அட்டை இல்லை. அதில் உட்கார்ந்திருந்தவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தான். நில்லாமல் நட என்றார் வார்டர்.

அக்கா வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்து வலைக்கு எதிரே நிறுத்திவிட்டுத் தள்ளிப்போனாள். அக்கா முகத்தை வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் திருப்பினாள், அப்புறம் நேராக வைத்து அவரைப் பார்வையில் பிடித்தாள். சுவரில் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது அவள் பார்த்தது.

நடந்ததை அவர் சொன்னார். இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம், அப்புறம் வரிசை, அப்புறம் வகுப்பு, அப்புறம் குழு. அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். ஒரு கை போதவில்லை. இரண்டாவது கையில் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் கேட்டது காதைப் பற்றி மட்டும்தான். காதுன்னு சொல்லியிருக்கலாமேடா என்றாள். சொல்லியிருக்கலாம் என்றார் அவர்.

சுற்றிலும் அறுபது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். துவைக்கும் சோடாவில் வெந்துபோயிருந்த விரல்களை அவர் வலையில் கோத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, காதுமடல்களில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் அந்தப் பழைய கொதிப்பு ஏறுவதை உணர்ந்தார். இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது.

அக்கா தலையை முன்னால் நீட்டி, வலையில் நெற்றி படுகிற அளவுக்கு வந்து, அவரை உற்றுப் பார்த்தாள்.

"மூக்கு தெரியுது. வாய் தெரியுது" என்றாள். "கோவமா இருக்கியாடா? எனக்குக் காது தெரியல."

"இல்லக்கா" என்றார் அவர்.

அவள் நம்பினாள். அவர் சொந்தமாகச் சொன்ன ஒன்றை ஒருவர் நம்பியது அதுதான் முதல் தடவை.